வால் நறுக்கினாலும் உடையாத எண்

தண்ணீர் மீட்டர் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் மீதியக்கா. சேர்ந்த புதிதில், வாசலில் நின்ற லாரியின் எண்ணைப் பார்த்துவிட்டு, பதிமூன்றால் வகுத்தால் மீதி ஒன்று வருகிறது என்று சாப்பாட்டு மேசையில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பதினோரு வருடம் ஆகியும் உரியவில்லை.

கண்ணில் படும் எண்ணையெல்லாம் வகுத்துப் பார்ப்பது அவளுக்கு நகம் கடிப்பது மாதிரி ஒரு பழக்கம். பஸ் எண், மாத்திரை அட்டையில் இருக்கும் எண், எதிர்வீட்டுக் கதவு எண், எதுவும் தப்பாது. ஒருமுறை டாக்டர் சொன்ன எதுவும் காதில் ஏறாமல் வீடு திரும்பினாள், கையில் இருந்த டோக்கன் எண் வகுபடாமல் படுத்தியதால். ஒரு எண் சின்ன எண்களின் பெருக்கலாகப் பிரிந்துவிட்டால் அவள் அதை 'உடைந்தது' என்பாள், உடைந்ததும் மறந்துவிடுவாள். எதாலும் உடையாத எண்ணைப் பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படி ஒன்று மாட்டினால், பல்லிடுக்கில் சிக்கிய நார்போல நாள் முழுக்க அவளை விடாது.

இப்படிப்பட்டவளை நாள் பூரா எண்களோடு உட்கார வைத்ததுதான் வேடிக்கை. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. அதை அச்சில் வைத்துக் கைப்பிடியை இழுத்தால் எட்டு இலக்க எண் பதிந்து வெளியே வரும். அச்சுக்குள் எட்டுச் சக்கரங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் கடைசிச் சக்கரம் ஒரு படி நகரும்; ஒன்பதைத் தாண்டும்போது பக்கத்துச் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளும். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தகடு, ஒரு எண். அறுநூறு தகடு அடித்தால் ஒரு நாள் வேலை முடிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு 73939129 என்ற தகடு வந்தது. அடுத்த இழுப்பில் கடைசிச் சக்கரம் பக்கத்துச் சக்கரத்தைத் தள்ளிவிட்டு, தன் ஊசி முறிந்து உள்ளே சரிந்துவிட்டது. வந்த தகட்டில் 7393913 என்று ஏழு இலக்கம்தான் இருந்தது. எட்டாவது இடம் வெறுமையாக இருந்தது. கைவேகத்தில் மூன்று தகடு அடித்த பிறகே அவள் கை நின்றது.

மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார். புதுச் சக்கரம் வர மத்தியானம் ஆகும், மூன்று தகடுகளையும் கழிவுப் பெட்டியில் போடு என்று சொல்லிவிட்டுப் போனார். கழிவுப் பெட்டி பூட்டுப் போட்டது. தகட்டை நுழைக்க மட்டும் மேலே ஒரு பிளவு இருந்தது. அந்த மாதம் பித்தளை அடிக்கடி காணாமல் போயிருந்தது.

வேலையில்லாமல் மூன்று மணி நேரம். கையில் ஒரு எண். அவள் வேறு என்ன செய்வாள்? ஏழால் வகுத்தாள், மீதி இரண்டு. பதினொன்றில் மீதி பத்து. பதிமூன்றில் ஏழு. பதினேழில் ஒன்று. அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதி எழுதி நூறுவரை போய்விட்டாள். உடையவில்லை. சக்கரம் வந்து, வேலை தொடங்கி, மணி அடித்தபோது இரண்டு தகடுகள் பெட்டிக்குள் போயின. மூன்றாவது அவளுடைய சாப்பாட்டு டப்பாவின் மூடிக்குள் போனது.

வாசலில் பைகளைச் சோதிக்கும் பெண் காவலர் மூடியைத் திறந்ததும் தகடு தரையில் விழுந்து சறுக்கியது.

மேலாளரின் அறையில் அவளை நிற்க வைத்தார்கள். மேஸ்திரியும் வந்தார். மேலாளர் தகட்டை மேசைமேல் வைத்து, இதை எதற்கு எடுத்தாய் என்று கேட்டார்.

"இன்னும் உடையல சார்" என்றாள்.

மேலாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேஸ்திரிதான் நெளிந்துகொண்டே, அது அவளுக்கு ஒரு பழக்கம், தலை நிறைய கணக்கு, திருடுகிறவள் இல்லை என்று எடுத்துச் சொன்னார். மேலாளர் தகட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரிம்மா. நம்பர்தானே வேணும்? ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போயிருக்கலாமே?"

உண்மையிலேயே அது அவளுக்குத் தோன்றவில்லை. மூன்று நாள் வேலைக்கு வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம், ஏன் எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை என்பதுதான் அவளை அரித்தது, தண்டனை அல்ல.

அவள் வீட்டுக்காரர் நகரப் பஸ் ஓட்டுகிறவர். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

"பித்தளையைத் திருடினேன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க. நம்பரைத் திருடினேன்னு சொன்னா யாரு நம்புவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்பர் ஞாபகம் இருக்கா?" என்றும் கேட்டார்.

அவளுக்கு மறந்தால்தானே.

அடுத்த நாள் காலை மகளின் பழைய பள்ளிக்கூடக் கால்குலேட்டரையும், பாதி எழுதிய ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க எல்லா எண்ணாலும் வகுக்கத் தேவையில்லை என்பது அவளுக்குத் தெரியும். எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் அது கிட்டத்தட்ட வருகிறதோ, அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 7393913-க்கு அந்த எல்லை 2719. அதுவரை முந்நூற்றுத் தொண்ணூற்றேழு பகா எண்கள். முதலில் அந்தப் பட்டியலை எழுதவே ஒரு நாள் போனது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. எழுந்து துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் கடைசி வகுத்தலும் முடிந்தது. உடையவில்லை.

நிம்மதி வரவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள். அச்சில் கடைசி இலக்கம் விழாமல் போனது போல, இதிலும் கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. 739391. நூற்று நாற்பத்தொன்பது வகுத்தல். உடையவில்லை. இன்னும் ஒன்றை நறுக்கினாள். 73939. ஐம்பத்தெட்டு வகுத்தல். அதுவும் உடையவில்லை. 7393 உடையவில்லை. 739 உடையவில்லை. 73, 7. வாலை எத்தனை முறை நறுக்கினாலும் மிச்சம் நிற்பது பகா எண்ணாகவே இருந்தது.

மகள் கல்லூரியிலிருந்து வந்தபோது அம்மா சமையலறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து கேட்டாள். அம்மா நோட்டைக் காட்டினாள். மகள் பார்த்தாள், சரியென்று தலையாட்டினாள், பசிக்கிறது என்றாள்.

மறுநாள் வேலைக்குத் திரும்பினாள். அச்சில் புதுச் சக்கரம் பளபளவென்று சுற்றியது. அதைப் பார்க்கப் பார்க்க அடுத்த கேள்வி வந்தது. வாலை நறுக்கியது சரி, வால் ஒட்டினால்? 7393913-க்குப் பின்னால் எந்த இலக்கத்தைச் சேர்த்தால் உடையாமல் இருக்கும்? இரட்டை இலக்கமும் ஐந்தும் ஆகாது. ஒன்றையோ ஏழையோ சேர்த்தால் மூன்றால் வகுபட்டுவிடும். மிச்சம் மூன்றும் ஒன்பதும். ஒன்பது கொஞ்சம் தாக்குப்பிடித்தது, ஆனால் எண்பத்து மூன்றில் உடைந்துவிட்டது, ஈவு 890833. மூன்றைச் சேர்த்த 73939133 மட்டும் நின்றது. அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்கள். சாப்பாட்டு நேரத்திலும் பஸ்ஸிலும் போட்டு மூன்று வாரம் எடுத்தாள். அதுவும் பகா எண்தான்.

அதற்கு மேல் ஒன்பதாவது இலக்கம் ஒட்டுமா? கால்குலேட்டரில் எட்டு இலக்கம்தான் தெரியும். ஒன்பது இலக்கத்தைக் கையால்தான் வகுக்க வேண்டும். வகுத்தாள். ஒட்டவில்லை.

வேறு யாராக இருந்தாலும் இங்கே நிறுத்தியிருப்பார்கள். ஆனால் அவளுக்கு இன்னொன்று குடைந்தது. ஏழில் தொடங்கி வந்த பாதை இது. இரண்டில், மூன்றில், ஐந்தில் தொடங்கி இதைவிட நீளமாக ஒன்று எங்காவது இருந்தால்? ஒவ்வொன்றின் வாலிலும் ஒன்று, மூன்று, ஏழு, ஒன்பது என நாலே இலக்கத்தை ஒட்டிப் பார்க்க வேண்டும். நிற்பதை வைத்துக்கொள்ள வேண்டும், உடைவதை அடிக்க வேண்டும். அடித்து முடித்தால் முடிவு தெரிந்துவிடும். அந்த முடிவுக்குப் பதினான்கு மாதம் ஆனது.

அந்தப் பதினான்கு மாதம் வீட்டில் யாருக்கும் சுகமாக இல்லை. அவள் எதிரே இருப்பாள், காது இருக்காது. வீட்டுக்காரர் தன் அக்கா வந்திருப்பதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. நாத்தனார் ஒரு வாய் காப்பிகூட இல்லாமல் திரும்பிப் போனதை அவர் பல நாள் சொல்லிக்காட்டினார். ஒரு நாள் மகளின் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கம் முழுக்க வகுத்தல் போட்டு வைத்திருந்தாள். மகள் அழுகையும் ஆத்திரமுமாக அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"உனக்கு இதுல என்னம்மா கிடைக்குது?"

"கிடைக்கிறதுக்காக இல்ல. விட முடியல" என்றாள் அவள். பிறகு அந்தத் தாளை அழிப்பானால் துடைத்துத் துடைத்து, ஓட்டை விழும் அளவுக்குச் சுத்தம் செய்து கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் வகுத்தலை வேறு தாளில் பெயர்த்து எழுதிக்கொண்டாள் என்பது மகளுக்குத் தெரியாது.

எட்டு இலக்கத்தில் ஐந்து எண்கள் நின்றன. அவற்றில் 73939133-தான் பெரியது. ஐந்துக்கும் ஒன்பதாவது இலக்கமாக மூன்றும் ஒன்பதும் மட்டுமே பொருந்த வாய்ப்பிருந்தது. ஆகப் பத்து எண்கள். 73939133-இன் இரண்டும் முன்பே விழுந்தவை. மற்றவை ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசி எண் உடைந்தது தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில். எதிரே இருந்த பேக்கிங் பெண் ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆரம்பத்திலிருந்து எண்ணினாள். ஓரிலக்கத்தில் நான்கு, ஈரிலக்கத்தில் ஒன்பது, அப்படியே எட்டிலக்கம்வரை மொத்தம் எண்பத்து மூன்று. அதற்கு மேல் எதுவும் இல்லை. வேண்டும் என்றாள், ஊறுகாயை வாங்கிக்கொண்டாள்.

மகள் அந்த வருடம் கல்லூரியில் கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள். அம்மா முடித்துவிட்டாள் என்று தெரிந்ததும், சமாதானம் மாதிரி, இதை நான் போட்டுப் பார்க்கிறேன் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடிக்கணினியைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் தட்டினாள். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரை முழுக்க எண்கள் கொட்டின.

தன் பதினான்கு மாத உழைப்பை அம்மா அந்த ஒரு நொடியில் பார்த்தாள். வலித்தது. ஆனால் அதைவிடப் பெரிய அடி அடுத்து வந்தது. மகள் கடைசி வரியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பத்து இலக்கம் வருதும்மா. 1979339339. மொத்தம் நூறைத் தாண்டிடுச்சு."

அவள் திரையைப் பார்க்கவில்லை. கொடியில் துணி காய்கிறது என்று எழுந்து போனாள். காய்ந்த துணியை மடித்தாள், மடித்ததைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்று, மிஷினோடு போட்டி போட முடியுமா, நான் ஓட்டுகிற பஸ்ஸோடு நான் ஓட முடியுமா என்று ஏதோ சொன்னார். அவள் கவலை அது இல்லை. தப்பு எங்கே நடந்தது? எந்தப் பக்கத்தில், எந்த வகுத்தலில்? ஒன்றை அவசரப்பட்டு உடைந்தது என்று அடித்திருந்தால், அதற்குப் பின்னால் வந்திருக்க வேண்டியது அத்தனையும் போயிருக்குமே.

மறுநாள் காலை, வாழ்நாளில் முதல்முறையாக, அடித்த தகட்டையே திரும்ப அச்சில் வைத்து அடித்தாள். ஒரு தகட்டில் இரண்டு எண்கள் ஒன்றன்மேல் ஒன்று. மேஸ்திரி பார்த்தார். திட்டவில்லை. இன்றைக்கு நீ பேக்கிங்குக்குப் போ என்று மட்டும் சொன்னார்.

பேக்கிங்கில் கைக்கு வேலை, தலைக்கு இல்லை. மீட்டரைப் பெட்டியில் வைத்து ஒட்டிக்கொண்டே, மகள் சொன்ன எண்ணை மனதுக்குள் எடுத்து வாலை நறுக்கத் தொடங்கினாள். தன் பட்டியலில் எந்த இடத்தில் அது கழன்றது என்று கண்டுபிடித்துவிட்டால் தப்பும் கிடைத்துவிடும். 197933933. 19793393. 1979339. எதுவும் அவள் பட்டியலில் பார்த்ததாக நினைவில்லை. 197933, 19793, 1979, 197, 19. இன்னும் ஒன்று நறுக்கினால் மிஞ்சுவது 1.

அவள் கை பசை டப்பாவிலேயே நின்றது. அவள் ஒன்றிலிருந்து தொடங்கவே இல்லை. ஒன்று பகா எண் அல்ல என்று ஏழாம் வகுப்பில் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு இரண்டிலிருந்து தொடங்கியிருந்தாள்.

தப்பு நடக்கவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும். அவளுக்கு அதுவும் வரவில்லை. ஏன் அல்ல? யாரோ ஒருவர் சொன்னதால் மட்டுமா? ஒன்றை எதால் உடைக்க முடியும்? எதாலும் முடியாதே. அப்படியானால் மகள் சொல்வதுதான் நியாயமோ? சாயங்காலம்வரை பெட்டி ஒட்டினாள், இந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். பேக்கிங் பெண், "மீதியக்கா, உங்க முகத்தைப் பார்த்தா எனக்கே படபடன்னு வருது" என்றாள்.

பதில் பஸ்ஸில் வந்தது. எத்தனையோ ஆயிரம் வகுத்தல் போட்டாளே, ஒன்றால் ஒரு முறையாவது வகுத்தாளா? ஒன்றால் வகுத்தால் எண் அப்படியே இருக்கும், நகராது. முப்பதை உடைத்தால் இரண்டு, மூன்று, ஐந்து. வேறு வழியே கிடையாது. ஒன்றையும் பகா எண்ணாகச் சேர்த்துக்கொண்டால் அதே முப்பதை ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்றும் எழுதலாம், இரண்டு ஒன்று போட்டும் எழுதலாம், இருபது ஒன்று போட்டும் எழுதலாம். அப்புறம் உடைப்பதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். நடந்தே திரும்பினாள், ஏறக்குறைய ஓட்டமாக.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"உன் கம்ப்யூட்டர் ஒண்ணை எப்படி பகா எண்ணுன்னு சொல்லுச்சு?"

மகள் நிரலைத் திறந்து பார்த்தாள். விரலால் ஒவ்வொரு வரியாகப் போனாள். பிறகு சிரிப்பும் வெட்கமுமாக நிமிர்ந்தாள். "அது ஒண்ணைச் சோதிக்கவே இல்லம்மா. ரெண்டுலேர்ந்துதான் வகுக்கச் சொல்லியிருந்தேன். ஒண்ணுக்கு வகுக்கறதுக்கே எதுவும் இல்ல. எதாலயும் உடையலைன்னு உள்ள விட்டுடுச்சு."

ஒரு வரி சேர்த்தாள். பொத்தானை அழுத்தினாள். எண்பத்து மூன்று. கடைசியில் 73939133.

அம்மா நம்பிவிடவில்லை. மகளைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தன் நோட்டில் டிக் போட்டாள். ஐம்பத்தெட்டைத் தாண்டியபின் ஓர் எண் பொருந்தவில்லை. பழைய பக்கத்தைப் புரட்டினால், வகுத்தல் எல்லாம் சரியாக இருந்தது. சுத்தப் பிரதிக்குப் பெயர்த்தபோது ஒன்பதை ஏழு என்று எழுதியிருந்தாள். அதைத் திருத்திவிட்டு மேலே போனார்கள். எல்லாம் சரி.

மகள் கல்லூரியில் தன் கணக்கு ஆசிரியையிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பல பக்கங்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இது வெகு காலம் முன்பே தெரிந்த விஷயம், புத்தகங்களில் இருக்கிறது, 73939133-தான் இந்த வகையில் பெரியது என்றாராம். அதைச் சொல்லும்போது மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எண்பத்து மூணுன்னா சொன்னாங்க?"

"எண்பத்து மூணுதான்."

"அப்போ வேற யாரோகூட இதைப் போட்டு உருட்டியிருக்காங்க" என்றாள். அவள் குரலில் வருத்தம் இருந்ததா என்று மகளால் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்றைக்கு அம்மா தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரை வீட்டுக்கு அழைத்து, காப்பி கொடுத்து, அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

அமைதி சரியாகப் பன்னிரண்டு நாள் நீடித்தது. பதிமூன்றாம் நாள் பேக்கிங் பெண், சும்மா பேச்சுக்கு, வாலை நறுக்கினீர்களே, தலையை நறுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டாள். 73939133-இன் முதல் ஏழை எடுத்தாள். 3939133. பதினொன்றில் உடனே உடைந்தது. அவள் எண்ணா இப்படி? அப்படியென்றால் முன்பக்கம் நறுக்க நறுக்க நிற்கிற எண்கள் வேறு எங்கோ இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே மகள் நிரலை மாற்றி ஓட்டிப் பார்த்தாள். இந்த முறை வந்தது எண்பதோ நூறோ இல்லை, நாலாயிரத்துக்கும் மேல். பெரியது இருபத்து நான்கு இலக்கம். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ பார்த்தா பார்த்துக்கோ. என்கிட்டச் சொல்லாத."

மகள் அப்பாவிடம் மட்டும் சொன்னாள். இருபத்து நான்கு இலக்க எண்ணைக் கையால் சோதிக்க ஒரு ஆயுள் போதாது என்பதையும் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். மறுநாள் டிப்போவிலிருந்து வரும்போது தடிமனான நோட்டு ஒன்றும் பன்னிரண்டு இலக்கம் தெரியும் கால்குலேட்டர் ஒன்றும் வாங்கிவந்து மேசைமேல் வைத்தார்.

ஈரிலக்கத்தில் பதினொன்று கிடைத்தது. மூன்று இலக்கத்தில் முப்பத்தொன்பது. நான்கு இலக்கத்தில் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டாள்.